நாமே எழுதி நாமே போடும் நாவல்: மாயக்கதை, அறிவியல் கதை எழுத வரும் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு

ஈரோட்டிலோ தாராபுரத்திலோ இருந்துகொண்டு வேற்றுக் கிரகத்தைப் பற்றியும் மந்திர உலகத்தைப் பற்றியும் நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். மில்லில் ஷிப்ட் பார்ப்பவர், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், காலேஜ் கடைசி வருடத்துப் பெண் என்று யார் வந்து பேசினாலும் கேட்பது இரண்டே கேள்விதான். எதை எழுதுவது? எழுதியதை எப்படிப் புத்தகமாக்குவது? எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புது ஆள் எழுதிய பெரிய அறிவியல் நாவலைக் கையில் எடுக்கப் பதிப்பகங்கள் தயங்கும். அது அவர்கள் போடும் முதலைப் பொறுத்த விஷயம், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நாமே போடுவது என்று முடிவெடுத்தால் எழுத்தாளர், பதிப்பாளர், கணக்குப்பிள்ளை, பார்சல் கட்டுபவர் எல்லாம் நாம்தான். அதற்கு மனது ஒப்புகிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

விதையை ஊரிலேயே தேடுங்கள்

புதிதாக எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளில் பனி மலைகளும் டிராகன்களும் கல் கோட்டைகளும்தான் அதிகம் வருகின்றன. எழுதியவர் பனியைப் பார்த்திருக்க மாட்டார். அதனால் பனியில் நடக்கிறவனின் கால் எப்படி இருக்கும், செருப்பு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட வராது. படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறது. அங்கே ஆண்டவர் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி. ஏதோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் பூப் போட்டுக் கேட்டு, உத்தரவானால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அதுதான் இருக்கும். பெட்டியில் வைத்த பொருளுக்கு நாட்டில் ஏதோ ஒரு மாற்றம் வரும் என்பது நம்பிக்கை. மண், தண்ணீர், அரிசி, தங்கம் என்று எத்தனையோ பொருட்கள் இருந்திருக்கின்றன. இப்படி ஒரு பெட்டி இருக்கிற தாலூகாவில் பிறந்தவர் கதைக்கருவுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. ஆனால் இது இன்றும் மக்கள் கும்பிடுகிற இடம். கோயிலை அப்படியே எடுக்காமல், "கனவில் வந்த பொருளை ஊர் நடுவில் வைக்கும் வழக்கம்" என்ற கருவை மட்டும் எடுத்து உங்கள் சொந்த உலகத்துக்குள் கொண்டுபோங்கள்.

அங்கிருந்து தாராபுரம் ரோட்டில் போனால் ஊதியூர் மலை. கொங்கணச் சித்தர் பொன் ஊதிய மலை என்று பெயர். நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். மணி கோத்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் அகழாய்வில் அங்கே வெளிப்பட்டன. கரூரிலும் வெள்ளலூரிலும் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன.

பழசு பிடிக்காதென்றால் புதுசும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்த அத்திக்கடவு–அவினாசித் திட்டம் பவானி ஆற்றின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறது. அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் தவிர வேறொன்றும் வந்தால்? ஒரு அறிவியல் நாவலுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

ஒரு விதி, அதற்கு ஒரு விலை

விதை கிடைத்ததும் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் உங்கள் உலகத்தின் விதியை ஒரே வரியில் எழுதுங்கள். ஊதியூர்க் கருவையே எடுத்துக்கொள்வோம். "கல்லின் மேல் ஊதினால் பொன்னாகும்." இது சக்தி மட்டும்தான், இதில் கதை இல்லை. அடுத்த வரியில் விலையைப் போடுங்கள். "ஊதும் ஒவ்வொரு மூச்சும் ஊதுகிறவரின் ஆயுளில் ஒரு நாளைக் குறைக்கும்." இப்போது கதை அசைகிறது.

பிறகு அந்த விதி ஊருக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். கடன்காரன் யாரைப் பிடித்து ஊதச் சொல்வான்? மூச்சை விற்க வருகிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் தரகர் வருவாரா? கோவை நகைப் பட்டறைகளில் ஊதிய பொன்னுக்கும் தோண்டிய பொன்னுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற ஆசாரிக்கு என்ன மரியாதை? பெண்ணுக்குப் பவுன் போட வேண்டிய அப்பன் ராத்திரியில் என்ன செய்வான்? கடைசிக் கேள்வியில் உங்கள் கதாநாயகன் கிடைத்துவிடுவான். மந்திரத்தைக் காட்டி வாசகரை வாய் பிளக்க வைப்பது முதல் அத்தியாயம் வரைக்கும்தான் ஓடும். மீதி முப்பது அத்தியாயத்தையும் இழுத்துப் போவது அந்த விலைதான்.

அறிவியல் நாவலில் விதியை நாம் இஷ்டத்துக்குப் போட முடியாது. பாதி விதியை இயற்கையே போட்டு வைத்திருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பேர்போன ஊர். அந்த வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போய்வந்த ஒருவர் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார். அந்த ஆட்களைச் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் நமக்குத் தெரிந்த வேலை எப்படி நடக்கிறது? கம்ப்ரசர் சுற்றியுள்ள காற்றை இழுத்து, அழுத்தி, ராடு என்ற நீளக் குழாய் வழியாகக் கீழே அனுப்புகிறது. அந்தக் காற்று கல்லை உடைக்கும் ஹேமரை அடிக்க வைக்கிறது. பொடியான கல்லையும் அதே காற்றுதான் மேலே ஊதித் தள்ளுகிறது. வண்டியின் எடை, துளைக்கும் முனையான பிட்டைக் கீழே அழுத்தத் துணையாக நிற்கிறது.

இப்போது செவ்வாய்க்கு வாருங்கள். அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கம்ப்ரசர் எதை இழுக்கும்? ஈர்ப்பு இங்கே இருப்பதில் 38 சதவீதம்தான். பிட்டை அழுத்தினால் வண்டியே மேலே எழும்பும், அதனால் நான்கு பக்கமும் தரையில் அறைந்து கட்ட வேண்டும். கீழே பனிக்கட்டி தட்டுப்பட்டால் பிட் சூட்டில் அது உருகும், நிறுத்திய கொஞ்ச நேரத்தில் மறுபடி உறைந்து பிட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பூமியில் இருக்கும் முதலாளியிடம் என்ன செய்வதென்று கேட்டால், கேள்வி போய்ச் சேரவே இரண்டு கிரகங்களும் இருக்கும் தூரத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். பதில் வர அதே அளவு.

நீங்கள் எதையும் கற்பனை செய்யவே இல்லை, அதற்குள் மூன்று அத்தியாயத்துக்கான சிக்கல் வந்துவிட்டது. அறிவியல் புனைவில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். தெரிந்த தொழில், தெரியாத இடம், இரண்டும் உரசும் இடத்தில் கதை. பள்ளிக்கூட இயற்பியல் புத்தகமும், ரிக் ஓட்டுகிற ஒருவரோடு ஒரு சாயங்காலப் பேச்சும் இருந்தால் இந்தக் குறிப்புகளை நீங்களே எழுதிவிடலாம். அவரைப் பார்க்கப் போகும்போது கதையைச் சொல்லாதீர்கள், வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்தச் சத்தம் வந்தால் மெஷினை நிறுத்துவார், எப்போது பயப்படுவார், அடி கணக்கில் ரேட் எங்கே ஏறும் என்று அவர் சொல்வதெல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

யார் எப்படிப் பேசுவது

கதை சொல்லும் நடை பொதுத் தமிழில் இருக்கட்டும், பேச்சு நம்மூர்ப் பேச்சாக இருக்கட்டும். என் வழி இது. மேலே சொன்ன வண்டியில் மாமனும் மருமகனும் இருக்கிறார்கள்:

"ஏனுங் மாமா, கம்ப்ரசர் இழுக்கவே மாட்டேங்குதுங்க."

"இங்க காத்து எங்கடா இருக்குது இழுக்கறதுக்கு? டேங்க்ல எத்தன நிக்குது, பாரு."

"பாதிக்குங் கீழ போயிருச்சுங்."

"அப்ப நிறுத்து. பிட்ட மேல தூக்கு மொதல்ல. ஒறைஞ்சுதுன்னா ராடு பூராவும் போச்சு."

இதில் விளக்கம் என்று ஒரு வரியும் இல்லை. ஆனால் காற்று இல்லை, டேங்கில் கொண்டுவந்திருக்கிறார்கள், நிறுத்தினால் உறையும் என்று எல்லாம் வாசகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விஞ்ஞானி வந்து ஒரு பக்கம் பாடம் நடத்துவதைவிட இது நூறு மடங்கு நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள். மருமகன் 'ங்க' போடுகிறான், மாமன் போடவில்லை. சண்டை முற்றுகிற அத்தியாயத்தில் மருமகன் 'ங்க'வை விட்டுவிட்டான் என்றால், கொங்கு வாசகருக்கு அது அறை விழுந்த சத்தம் மாதிரி கேட்கும். மற்ற ஊர்க்காரருக்கும் நாலு அத்தியாயத்தில் பழகிவிடும். அமுச்சி, அப்புச்சி, ஒரம்பரை, பொடக்காளி மாதிரியான சொற்களுக்கு அடிக்குறிப்பு வேண்டாம், வாக்கியமே பொருளைக் காட்டும்படி எழுதினால் போதும்.

எழுதி முடிப்பது

இதில் ரகசியம் ஒன்றுமில்லை, தினமும் எழுத வேண்டும். முதல் நாவலை 50,000 சொல்லுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பாகத் தொடர் என்று அறிவித்துவிட்டு ஆரம்பிக்காதீர்கள். ஒரு பாகமாவது முழுசாக முடிந்து நிற்கட்டும்.

யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள், தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டால் கை வேகமாக ஓடும். பஸ்ஸில் போகும்போது போனில் குரல் தட்டச்சு செய்வதும் சரிதான், ஆனால் கொங்குப் பேச்சை அது தப்புத்தப்பாகத் திருத்தி வைக்கும், அன்றைக்கே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். விதி நோட்டில் பெயர்கள், வயது, ஊர்களுக்கு இடையிலான தூரம், எந்த அத்தியாயத்தில் என்ன கிழமை என்பதையெல்லாம் குறித்துக்கொண்டே வாருங்கள். நாமே பதிப்பாளர் என்பதால் இதைப் பிடிக்க நமக்கு மேலே ஆள் இல்லை.

முதல் வரைவை முடித்ததும் ஒரு மாதம் தொடாதீர்கள். அப்புறம் மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் இந்த மாதிரிக் கதைகளை விரும்பிப் படிப்பவர். ஒருவர் படிக்கவே படிக்காதவர். ஒருவர் உங்கள் கதையில் வரும் தொழிலைச் செய்பவர். "நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்குது என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று இலவசத் திருத்திகள் உண்டு. அவற்றில் ஓட்டிய பிறகும் காசு கொடுத்து ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம் கொடுங்கள். கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு செலவுக்குத்தான் என்றால் இதற்குச் செலவழியுங்கள். பேச்சுக் கொங்கை அவர் பொதுத் தமிழாகத் திருத்திவிடாதபடி, எந்தெந்தச் சொல்லைத் தொடக்கூடாது என்று முதலிலேயே பட்டியல் கொடுத்துவிடுவது நல்லது.

முதலில் மின்னூல்

அச்சுக்கு முன் மின்னூலாக விடுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்கில், அதாவது கேடிபியில், கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும். வேர்டு கோப்பையோ, மின்னூல் வடிவமான இபப் கோப்பையோ ஏற்றலாம். அட்டைப் படம் 2,560 பிக்சல் உயரம், 1,600 பிக்சல் அகலம் இருந்தால் நன்றாக வரும். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இல்லாமலேயே வெளியிடலாம். ஆனால் தமிழில் அங்கே மின்னூல் மட்டும்தான், அச்சுப் பிரதி வசதி கிடையாது.

கவனிக்க வேண்டிய இடம் கேடிபி செலக்ட் என்ற கூடுதல் திட்டம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமென்றால் அதில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம்தான். சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கத்துக்கும் பணம் வரும். அதற்கு ஈடாக, 90 நாள் கொண்ட ஒவ்வொரு தவணையிலும் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரை வெளியில் வைக்கலாம். பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் முழு நாவலையும் தொடராகப் போட்டிருந்தால், அதை எடுத்த பிறகுதான் செலக்டில் சேர வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தால் கணக்குக்கே ஆபத்து. அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அட்டைப் படத்தையோ எழுத்தையோ செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கியிருந்தால் ஏற்றும்போது கேடிபி கேட்கும், உண்மையைச் சொல்லிவிடுங்கள். அட்டைக்கு என் பரிந்துரை ஓவியர்தான். கோவையிலும் ஈரோட்டிலும் நன்றாக வரையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேசிய பணத்தைக் கொடுங்கள், அச்சு, மின்னூல், விளம்பரம் மூன்றுக்கும் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பனைப் பணம், மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும். அதை நம்பி அச்சகத்துக்குத் தேதி சொல்லிவிட வேண்டாம்.

அச்சுக்குப் போகும்போது

இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போக வேண்டியதே இல்லை. முன்னாடியே விண்ணப்பித்துவிடுங்கள், கைக்கு வர நாள் பிடிக்கலாம்.

நாவலுக்கு டெம்மி என்ற புத்தக அளவு பொருத்தம். சாதாரண எழுத்தளவில் ஒரு பக்கத்துக்கு 200 முதல் 220 சொல் வரும், 50,000 சொல் 240 பக்கத்தை ஒட்டி நிற்கும். ஒரு பாரம் என்பது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம், அதனால் 240 பக்கம் சரியாக 15 பாரம். 243 பக்கம் வந்தால் வீணாக இன்னொரு பாரம் ஏறும், லேஅவுட்டிலேயே இழுத்துப் பிடித்து உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். உள்தாளுக்கு 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு. கண்ணைக் கூசாத, லேசாக மஞ்சள் ஓடிய தாள் நாவலுக்கு நல்லது. கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் ஆலை கரூர் காகிதபுரத்தில் இருக்கிறது, பள்ளிபாளையத்திலும் பெரிய காகித ஆலை உண்டு. நம் கதை நம்மூர்த் தாளிலேயே ஏறலாம் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

லேஅவுட் செய்யும் இடத்தில் ஒரு முக்கியமான சோதனை. சிலர் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் வேலை செய்வார்கள். மாற்றும்போது கொ, கோ, கௌ வரிசையும் ஸ்ரீ, க்ஷ போன்றவையும் உடையும். யூனிகோடிலேயே செய்வதென்றால் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். முதல் பிடிஎஃப் வந்ததும் கதையைப் படிக்காமல் எழுத்துகளை மட்டும் ஒருமுறை முழுக்கப் பாருங்கள்.

எத்தனை பிரதி? ஆஃப்செட்டில் ஆயிரம் போட்டால் ஒரு பிரதி மலிவு, ஆனால் கட்டிலுக்கு அடியில் பண்டல் பண்டலாகக் கிடக்கும். முதல் நாவலுக்கு டிஜிட்டலில் நூறு, தீர்ந்தால் இன்னும் நூறு. விலை 300 ரூபாய் என்று வையுங்கள். கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு போனால் கையில் 180. அச்சுச் செலவு 110 என்றால் மிச்சம் 70. அதில்தான் திருத்துநர், ஓவியர், பார்சல் எல்லாம். இந்தக் கணக்கை உங்கள் அச்சகம் சொல்லும் தொகையை வைத்துப் போட்டுப் பார்த்த பிறகே அட்டையில் விலையை அச்சடியுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு வசதி.

விற்பது, அனுப்புவது

ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா. ஆகஸ்டை ஒட்டி, மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழா. நம்மூர்ப் புது எழுத்தாளருக்கு இவைதான் பெரிய சந்தை. ஒரு புத்தகத்துக்காகத் தனியாக அரங்கு எடுப்பது கட்டாது. அரங்கு எடுக்கும் பதிப்பகத்திடமோ கடையிடமோ விற்றால் காசு என்ற பேச்சில் 20 பிரதி கொடுத்து வைக்கலாம். கொடுக்கும்போது எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும். ஜூலைக்குப் புத்தகம் வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே அச்சகத்தில் பேசிவிடுங்கள், பள்ளி திறக்கும் முன் நோட்டு வேலையில் பல அச்சகங்கள் மூழ்கியிருக்கும்.

பதிப்புரிமை எழுதிய நொடியிலேயே உங்களுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டும் இருக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை, விரும்பினால் 500 ரூபாய் கட்டணத்தில் செய்யலாம்.

பதிப்பாளர் என்ற முறையில் ஒரு கடமையும் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். அச்சகத்திலிருந்து பண்டல் வந்த அன்றே நான்கு பிரதியைத் தனியாக எடுத்து உறை போட்டு, முகவரி எழுதி, தபால் ஆபீஸில் கொடுத்துவிட்டு ரசீதை விதி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.